வீட்டுக்கு ஒரு தோள்

என் வீட்டுக்காரருக்குக் கையோ காலோ ஒடிந்திருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம். ஒடிந்த கையை ஊர் நம்பும். மூங்கில் பட்டை வைத்துக் கட்டிக்கொண்டு தெருவில் நடந்தால் நாலு பேர் ஒதுங்கி வழி விடுவார்கள், கூழுக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய் கூடக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவருக்கு எதுவும் ஒடியவில்லை. வலி மட்டும்தான் இருந்தது. அதை யார் கண்டார்கள்?

கட்டியவன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பார்கள். சொல்லாமல் காப்பாற்றிய ஆயுசின் லட்சணத்தைப் பார்த்துவிட்டேன், அதனால் சொல்கிறேன். செங்கல்வராயன். பங்காருபாளையத்தில் மாங்காய்க் காலத்தில் லாரிக்குக் கூடை ஏற்றப் போனவர், மேலிருந்து சறுக்கி, கீழே கிடந்த பலகையின் விளிம்பில் இடுப்பு படும்படி விழுந்தார். எழுந்து, மிச்சக் கூடைகளையும் ஏற்றி முடித்துவிட்டுத்தான் வந்தார். அதுதான் அவர் செய்த தப்பு. விழுந்த இடத்திலேயே கிடந்து கத்தியிருந்தால் பத்துப் பேர் சாட்சி இருந்திருப்பார்கள்.

மறுநாள் பாயிலிருந்து எழ முடியவில்லை. புத்தூரில் கட்டுப் போடுகிறவர் தடவிப் பார்த்து, முறிவு இல்லாத இடத்தில் எதைக் கட்டுவது என்று அனுப்பிவிட்டார். சித்தூரில் ஒரு டாக்டர் படம் பிடித்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டி, "எமுகலு பாகானே உன்னாயி" என்றார். எலும்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறதாம். கூட வந்திருந்த அவருடைய அண்ணன் முனிகிருஷ்ணன் மருந்துச் சீட்டைத் தொலைத்துவிட்டார், அந்த ஒரு வார்த்தையை மட்டும் பத்திரமாக ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

எங்கள் ஊர் சத்தியவேட்டுக்குக் கிழக்கே இருக்கிறது. ஊரில் ஒரு பெருமாள் கோயில். சாமி வீதிக்குப் புறப்பட்டால் தூக்குவதற்கு வீட்டுக்கு ஒரு தோள் கொடுக்க வேண்டும், அது ஊர்க்கட்டு. பாகம் பிரிந்தால் தோளும் பிரியும். அண்ணன் தம்பி தனித்தனியாக உலை வைத்தால் வாகனத் தண்டில் தனித்தனி இடம். தோள் கொடுத்த வீட்டு வாசலில் சாமி நின்று தேங்காய் உடைத்துக்கொண்டு போகும். கொடுக்காத வீட்டை நிற்காமல் கடந்து போகும். சாவுத் தீட்டுக்காரனுக்கும் எலும்பு முறிந்தவனுக்கும் மட்டும் விலக்கு உண்டு. வலிக்கு விலக்கு கிடையாது.

தண்டில் முனிகிருஷ்ணனுக்குப் பக்கத்து இடம் எங்களுடையது. அது காலியாகக் கிடந்ததால் அந்தப் பாரமும் அவர் தோளில்தான் இறங்கியது. தோள் காய்த்துப்போயிருப்பதை அவர் சட்டையை விலக்கி எல்லோருக்கும் காட்டுவார். அவர் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே காய்த்துத்தான் இருந்தது. அதனால்தான் அவரிடம் சண்டை போடுவது அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

நாலு வருஷம் சாமி எங்கள் வாசலைத் தாண்டிப் போயிற்று. என் ஓரகத்தி செங்கம்மா, முனிகிருஷ்ணன் பெண்டாட்டி, பக்கத்து வாசலில் தட்டை ஏந்திக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்ப்பாள். எனக்கு ஆத்திரமாக வரும். தேங்காயை உள்ளே கொண்டுபோய் உடைத்துத் துவையல் அரைத்துவிடுவேன்.

கல்யாணத்துக்கு முன்னால் இவர் கடற்கரைப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்தவர். பழவேற்காட்டுக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் மீனவர்களோடு சேர்ந்து நீந்தக் கற்றிருந்தார். அலைக்கு அந்தப் பக்கம் போய் மல்லாந்து தூங்குவேன் என்று புதுப்பெண்ணாக வந்த என்னிடம் அளந்திருக்கிறார். நானும் வாயைப் பிளந்து கேட்டிருக்கிறேன். அந்தக் குப்பத்துக் கரையில்தான் எங்கள் ஊர்ச் சாமிக்கு மாசி மகத்தன்று தீர்த்தவாரி. வண்டி வண்டியாக ஊரே போகும்.

அந்த வருஷம் மாசியில் இவர் ஆரம்பித்தார்.

"தாச்சு, என்னயும் கடலுக்கு இட்டுனு போயேன்."

"குந்தறதுக்கே வக்கில்ல, கடல் கேக்குதா உனுக்கு?"

"குந்தத்தான முடியல. தண்ணில குந்த வாணாமே."

முனிகிருஷ்ணன் வண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்துக் கொண்டுபோனோம். எல்லை பிரித்து எங்கள் ஊரை ஆந்திராவுக்குக் கொடுப்பதென்று முடிவாகி, வழியில் கல் நட்டிருந்தார்கள். பங்குனி வந்தால் நாங்கள் சித்தூர் ஜில்லா, கடல் மெட்ராஸ் ராஜ்ஜியம். மணியக்காரர் வெங்கடசாமி முன் வண்டியிலிருந்து திரும்பி, "செங்கல்ராயா, கல்ல தாண்டியாச்சு. இனிமே உன் வலி மெட்ராஸ்காரனுக்குச் சொந்தம், ஆந்திராவுல வந்து கேக்காத" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார், ஒவ்வொரு பள்ளத்துக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு.

கால்வாயைத் தோணியில் தாண்டிக் கரைக்குப் போனோம். பட்டர் தோதாத்ரி சக்கரத்தாழ்வாரை மார்போடு அணைத்துக்கொண்டு மூன்று முழுக்குப் போட்டார். ஊர் மொத்தமும் கோவிந்தா போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கியது. "மகத்துல தொட்டாத்தான் புண்ணியம். மத்த நாள்ல கடலைத் தொடப்படாது, பாவம்" என்று பட்டர் வருஷா வருஷம் சொல்வதை அந்த வருஷமும் சொன்னார்.

இவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு முழங்கால் அளவுக்குப் போனார். பிறகு தோளை விட்டார். வந்த அலை அவரை முட்டித் தள்ளியது. தலை தெரியவில்லை. "ஐயோ, போச்சே" என்று நான் போட்ட கூச்சலில் மேளம் நின்றுவிட்டது. பார்த்தால், அலை உடைகிற இடத்துக்கு அப்பால் ஒரு தலை. அப்புறம் ஒரு கை. அந்தக் கை அப்படி நீண்டு விழுந்ததை நான் வீட்டில் ஒருநாளும் பார்த்ததில்லை. வீட்டில் அந்தக் கை சுவரைப் பிடிக்கும், இல்லாவிட்டால் இடுப்பைப் பிடிக்கும். இங்கே தண்ணீரை அள்ளி அள்ளிப் பின்னால் தள்ளிக்கொண்டு போயிற்று. பிறகு மல்லாந்து படுத்தார். அளந்ததெல்லாம் உண்மைதான்.

திரும்பி வந்து இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபோது நான் புடவையோடு ஓடினேன். குளித்துவிட்ட பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

"தாச்சு, வலியக் காணோம். தண்ணிக்குள்ள எனுக்கு முதுகே இல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பேருக்கு நடுவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதேன்.

ஈரத்தோடு கரையேறிக் கொஞ்ச தூரம் நிமிர்ந்து நடந்தார். வேட்டி காயக் காய முதுகு கூனியது, கை பழையபடி இடுப்புக்குப் போனது. ஆனால் நிமிர்ந்து நடந்ததை ஊரே பார்த்தது, வேட்டி காயும்வரை பார்த்துக்கொண்டிருக்க யாருக்கும் பொழுதில்லை. முதலில் வாயைத் திறந்தவர் முனிகிருஷ்ணன்.

"நாலு வருசமா உன் பாரத்தையும் நான் தூக்கினு கீறேன். நீ இன்னாடான்னா மீனு மாரி போற!"

அது முதல் கல். அடுத்த கல் விழுவதற்குள் பட்டர் வந்து புகுந்தார். நல்ல மனுஷர், கெட்டது நினைக்காதவர். அப்படிப்பட்டவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

"முனிகிருஷ்ணா, அபசாரமா பேசாதே. நாலு வருஷம் படுத்துண்டிருந்தவன் மகத்துத் தீர்த்தத்துல எழுந்து வந்திருக்கான். பெருமாள் கண் திறந்துட்டார்."

பரிவட்டத்தை எடுத்து இவர் தலையில் கட்டினார். "சாமி, வலி போவல. தண்ணிக்குள்ள மட்டுந்தான் இல்ல. மேல வந்தா கீது" என்று இவர் சொல்லச் சொல்ல, எத்தனை அடக்கம் பார் என்று ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒன்று, பெருமாள் குணமாக்கியவர். இல்லையென்றால், நாலு வருஷம் ஊரை ஏமாற்றியவர். இரண்டில் ஒன்றாகத்தான் அவர் இருக்கலாம் என்று ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் நன்றாக இருந்தது, அதை நான் மறைக்க மாட்டேன். முனிகிருஷ்ணன் தன் வண்டியில் புளியும் மிளகாயும் கடற்கரைக்குக் கொண்டுபோய் உப்பும் கருவாடும் ஏற்றி வருவார். குணமான தம்பியை அந்த வண்டியில் ஏற்றிக்கொள்ள அவருக்குத் தடையில்லை. அவர் வியாபாரம் முடிக்கிற வரையில் இவர் தண்ணீரில் கிடப்பார். நான் கரையில் உட்கார்ந்திருப்பேன். மகமும் இல்லை, அமாவாசையும் இல்லை, வெறும் செவ்வாயும் புதனும். கடலுக்குக் கிழமை தெரிந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள், மூன்று நாள் அவர் தூங்கினார். ஒரு பக்கமாகத் திரும்பிப் படுத்தார். கிணற்றடியில் உட்கார்ந்து தானே வேட்டி துவைத்தார். அடுத்த தடவை போய் வந்தபோது தூக்கம் இன்னும் ஒரு நாள் நீண்டது. இப்படியே விட்டால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று நான் வேண்டிக்கொண்டேன். யாரிடம் வேண்டினேன் என்பதை நினைத்தால்தான் இப்போது சிரிப்பு வருகிறது.

பங்குனியில் ஊர் ஆந்திராவுக்குப் போயிற்று. வைகாசியில் கருட சேவை. கோயில் எப்படி நடக்கிறது என்று பார்க்கச் சித்தூரிலிருந்து ஒரு அதிகாரி வரப் போவதாகச் செய்தி. மணியக்காரர் வீடு வீடாக வந்தார். எங்கள் வாசலில் நின்று, "தமிழுப் பசங்க கோயில ஒழுங்கா வெச்சிக்கலன்னு பேரு வாணாம். தண்டுல ஒரு எடங்கூட காலியா இருக்கக் கூடாது. செங்கல்ராயன் தோளு வந்துரணும்" என்றார்.

"அவருக்கு முடியாதுங்க" என்றேன்.

"கடல்ல எப்டிம்மா முடியுது?"

சாயங்காலம் முனிகிருஷ்ணன் வந்து தயக்கமில்லாமல் சொல்லிவிட்டார். "தோளு குடுத்தின்னா வண்டி உனுது மாரி. எப்ப வேணா ஏறிக்க. குடுக்கலன்னா நீ இத்தினி நாளு நடிச்சன்னு அர்த்தம். நடிக்கறவனுக்கு என் மாடு இழுக்காது."

அவர் போன பிறகு நான் இவரிடம் கத்தினேன். "வாணாய்யா. சொல்றவன் சொல்லினு போவட்டும். நீ தூக்கினா செத்துருவே."

"வண்டி இல்லன்னா கடல் இல்ல, தாச்சு."

"நடந்து போலாம். நான் தூக்கினு போறேன்."

"நீயா? அலைக்கு அந்தாண்ட என்ன உட்டுட்டு நீ முழுவிப் பூடுவ." சுவரைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "நம்ம வாசல் வரிக்கும்தான். அண்ணங்கிட்ட பேசிட்டேன். கோயில்லேருந்து நம்ம வாசல். அதுக்கப்புறம் வேற ஆளு மாத்திப்பாங்க. மக்யா நாளு விடிஞ்சதும் வண்டில கடலுக்குப் போயி ஊறினா சரியாப் பூடும்."

கணக்கு அவ்வளவுதான். கடலுக்குப் போவதற்காகத் தோள், தோள் கொடுத்த வலியைத் தீர்க்கக் கடல். என்னால் அந்தக் கணக்கில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை.

கருட சேவையன்று வாசலில் சாணம் தெளித்துக் கோலம் போட்டேன். நாலு வருஷத்துக்குப் பிறகு எங்கள் வாசலில் சாமி நிற்கப் போகிறது என்று தெருவே கூடியிருந்தது. சித்தூர் அதிகாரிக்கு மணியக்காரர் வீட்டிலிருந்து நாற்காலி கொண்டுவந்து எங்கள் வாசலுக்கு எதிரே போட்டிருந்தார்கள். கருட வாகனம் தெரு முனையில் திரும்பியபோது இவரைத் தேடினேன். முன் தண்டில், அண்ணனுக்குப் பக்கத்தில். முகத்தில் ரத்தமே இல்லை. உதடு உள்ளே மடிந்திருந்தது. ஆனாலும் வந்தார். ஒரு அடி பிசகாமல் என் கோலத்தின் மேல் வந்து நின்றார். நிற்கும்போது என்னைப் பார்த்து, முடிந்தது என்பது போலக் கண்ணை மூடித் திறந்தார்.

முடிந்திருக்கும். தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, ஆளை மாற்றியிருந்தால் முடிந்திருக்கும். பட்டர் அதிகாரி பக்கம் திரும்பி, பெருமாள் குணமாக்கிய கதையைத் தெலுங்கில் சொன்னார். அதிகாரி எழுந்து நின்று கும்பிட்டார். மணியக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "சாமி ஆடட்டும்பா!" என்று கத்தினார்.

விசேஷ வீட்டு வாசலில் அப்படிச் செய்வதுண்டு. தூக்குகிறவர்கள் எல்லோரும் ஒன்றாக முட்டியை மடக்கி, ஒன்றாக எழுந்து, கருடன் பறப்பது போலக் காட்டுவார்கள். "ஐயோ, வாணாம்" என்று நான் கத்தியது மேளத்தில் போய்விட்டது. முதல் தடவை மடக்கி எழுந்தார். இரண்டாவது தடவை மடக்கினார். எழவில்லை. முகம் கோலத்தில் படக் குப்புற விழுந்தார், தண்டு அவர் மேல் சரிந்தது.

சாமி தரையைத் தொடக் கூடாது. தொட்டால் ஊருக்கு ஆகாது, கோயிலை மூடிப் பரிகாரம் செய்ய வேண்டும். "கீழ உடாதே! கீழ உடாதே!" என்று அத்தனை பேரும் அலறினார்கள். தண்டின் நுனி அவர் முதுகில் தாங்கி நின்றது. வாகனத்தை நிறுத்தி வைக்க முட்டுக்கொடுக்கும் ஆயக்கால்கள் பின்னால், கோயில் பக்கம் இருந்தன. அவற்றைக் கொண்டுவரும் வரை யாரும் அசையவில்லை. அசைந்தால் சாமி கீழே போய்விடும். பெருமாளையும் கருடனையும் என் வீட்டுக்காரர் முதுகில் நிறுத்தி வைத்துக்கொண்டு ஊரே ஆயக்காலுக்காகக் காத்திருந்தது. நான் தண்டைப் பிடித்துத் தள்ளப் போனேன். செங்கம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். பொம்பளை தண்டைத் தொடக் கூடாதாம்.

ஆயக்கால் வந்து முட்டுக்கொடுத்ததும் பட்டர் ஓடிப்போய் சாமியைத்தான் முதலில் பார்த்தார். மாலை கூடக் கலையவில்லை. "பெருமாளுக்கு ஒண்ணும் ஆகலை" என்றார். ஊருக்கு உயிர் வந்தது. அதற்கப்புறம்தான் ஒருவர் குனிந்து இவரைப் பார்த்தார்.

திருப்பதிக்குக் கொண்டுபோனோம். அங்கேயும் படம் பிடித்தார்கள். இந்தத் தடவை எலும்பு ஒடிந்திருந்தது. இடுப்புக்குக் கீழே இனி அசையாது என்றார்கள். முனிகிருஷ்ணன் அந்தப் படத்தைக் கையில் வாங்கித் தானே வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், தேம்பித் தேம்பி அழுதார். அது நடிப்பில்லை. ஊருக்கு வந்ததும் எல்லோரும் நம்பினார்கள். தெருவில் நாங்கள் வந்த வண்டிக்கு வழி விட்டார்கள். செங்கம்மா ஊறுகாய் கொண்டுவந்தாள். ஜாடியை அப்படியே நாய்க்கு வைத்தேன். நாயும் தின்னவில்லை.

கால் செத்துப்போயிற்று, ஆனால் வலி சாகவில்லை. இடுப்புக்கு மேலே பழைய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. இரண்டு மாசம் பொறுத்து இவர் அண்ணனைக் கூப்பிட்டு, "என்ன கடலாண்ட இட்டுனு போ. தண்ணில உட்டா போதும், கை கீதே" என்றார்.

முனிகிருஷ்ணன் முகம் மாறிவிட்டது. "போனதுதாண்டா வெனையே. மகத்துல பெருமாள் குடுத்தாரு. நீ செவ்வாக்கிழமையும் புதன்கிழமையும் போயிக் கடலத் தொட்ட. குடுத்தவரு வாங்கினாரு. பட்டரே சொல்லிட்டாரு. இனிமே அந்தப் பாவத்துக்கு என் வண்டி வராது."

ஊரில் வேறு வண்டிகளும் இருந்தன. எல்லார் வீட்டுக்கும் போனேன், காலில் கூட விழுந்தேன். மகத்துக்குப் பாக்கலாம் என்றார்கள். மகம் வந்தபோது, இப்படிப்பட்டவரைச் சாமியோடு கொண்டுபோவது எப்படி என்றார்கள். ஊர் போயிற்று. நாங்கள் இருவரும் வீட்டில் இருந்தோம். இவர் கிழக்கே பார்த்துப் படுக்க வைக்கச் சொன்னார், வைத்தேன்.

மறுநாள் முனிகிருஷ்ணனும் செங்கம்மாவும் பித்தளைச் சொம்பு ஒன்றை மாவிலை வைத்து மூடிக் கொண்டுவந்தார்கள். "உனுக்கோசரம் கடலயே எடுத்தாந்துட்டேன்டா. மகத்துத் தீர்த்தம்" என்று சொல்லி முனிகிருஷ்ணன் மாவிலையால் இவர் தலையில் தெளித்தார். உதட்டில் விழுந்த சொட்டை இவர் நாக்கால் தொட்டுப் பார்த்தார்.

"மிச்சத்தயும் முதுவுல ஊத்து, தாச்சு."

புரட்டிப் படுக்க வைத்துச் சொம்பைக் கவிழ்த்தேன். ஒரு சொம்புத் தண்ணீர் எத்தனை நேரம் வரும்? அது வழிந்து முடிவதற்குள் இவர் கண்ணை மூடிக்கொண்டார். வலது கை பாயிலிருந்து எழுந்து, நீண்டு, முன்னால் விழுந்தது. பிறகு இடது கை. கடலில் நான் பார்த்த அதே கை.

"கோவிந்தா! கோவிந்தா!" முனிகிருஷ்ணன் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். "கை வீசறான் பாரு, செங்கம்மா! மகத்துத் தண்ணி பட்டதும் எப்பிடி வீசறான் பாரு! நான் சொல்லல? வைகாசிக்குள்ள எழுந்துருவான். போயி மணியக்காரருகிட்ட சொல்றேன், அவன் எடத்த வேற யாருக்கும் குடுத்துர வாணாம்னு."

காலிச் சொம்பை அவர் மேல் எறிந்தேன். அது கதவில் பட்டுத் தெருவில் உருண்டது. அவர் கோபிக்கவில்லை, பாவம் பொம்பளை என்று நினைத்துக்கொண்டு, சந்தோஷமாக மணியக்காரர் வீட்டுப் பக்கம் ஓடினார். பாயில் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. இவர் இன்னும் நீந்திக்கொண்டிருந்தார்.